கலைந்த மேசை, அடுக்கிய மேசை: படைப்பு வேலைக்கு எது துணை?

மெய்ப்புத் திருத்துவதும் நூல்களைச் செம்மையாக்குவதும் என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பியபோது, ஊரிலிருந்து வந்திருந்த என் அத்தை மேசையைத் துடைத்து, காகிதங்களையெல்லாம் விளிம்பு ஒத்துவரத் தட்டி அடுக்கி, பேனாக்களைக் குவளையில் நிறுத்தி வைத்திருந்தார். அன்போடு செய்த வேலை அது. மேசையும் பார்க்க அழகாகவே இருந்தது. ஒரு தாளும் தொலையவில்லை. ஆயினும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர எனக்கு அரை நாள் பிடித்தது. ஏழாம் இயலின் மெய்ப்பு அகராதிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தால், நூலாசிரியரிடம் கேட்க வேண்டிய ஐயம் ஒன்று அதில் இருக்கிறது என்று பொருள். குறுக்கே பென்சில் வைத்த தாள், அன்று நான் நிறுத்திய பக்கம். இடது ஓரத்தில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாள், ஒரே பெயர் இரண்டு இயல்களில் இரு விதமாக எழுதப்பட்டிருப்பதை நினைவூட்டுவதற்காக அப்படி விடப்பட்டது. இவற்றில் எதையும் நான் எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. தாள்கள் கிடந்த கிடையே குறிப்பாக இருந்தது. அடுக்கி முடித்தபோது தாள்கள் மிஞ்சின, குறிப்பு அழிந்துவிட்டது.

கலைந்த மேசை நல்லதா, ஒழுங்கான மேசை நல்லதா என்ற கேள்விக்குப் பலரும் உடனே ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ‘படைப்பாளியின் அறை கலைந்துதான் இருக்கும்’ என்பார் ஒருவர். ‘மேசை தெளிவாக இருந்தால்தான் மனம் தெளிவாக இருக்கும்’ என்பார் இன்னொருவர். இருவரும் கலைவு என்பதை ஒரே பொருளாக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். வேலை நடந்துகொண்டிருப்பதால் பரந்து கிடக்கும் பொருள்களும், வேலையோடு தொடர்பே இல்லாமல் எடுத்து வைக்க ஆளின்றித் தேங்கிய பொருள்களும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். தைத்துக்கொண்டிருக்கும் தையற்காரரின் மேசையில் சுண்ணக்கட்டி, கத்தரிக்கோல், அளவு நாடா, வெட்டிய கைப்பகுதி எல்லாம் இறைந்து கிடப்பது முதல் வகை. அதே மேசையின் மூலையில் ஆறு மாதமாகக் கிடக்கும் பழைய பில் புத்தகமும் ஓடாத மின்விசிறியும் இரண்டாம் வகை. முதலாவதை நடப்புக் கலைவு என்றும் இரண்டாவதைத் தேங்கிய கலைவு என்றும் இந்தக் கட்டுரைக்காகப் பெயரிட்டுக்கொள்வோம்.

நடப்புக் கலைவு எப்படி உதவுகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி தாமஸ் மலோன். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்த அவர், அலுவலகங்களில் மக்கள் மேசைகளை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று நேரில் பார்த்தும் பேசியும் 1983-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணினித் திரையில் கோப்புகளை எப்படிக் காட்டுவது என்று அந்தத் துறையினர் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. தலைப்பிட்டு, வரிசைப்படுத்தி உள்ளே வைப்பதைக் கோப்பு என்றும், தலைப்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதைக் குவியல் என்றும் அவர் பிரித்துக்கொண்டார். மேசைமேல் காகிதம் கிடப்பது பின்னால் தேடி எடுப்பதற்காக மட்டுமல்ல, செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டுவதற்காகவும்தான் என்பது அவர் கண்டவற்றுள் முக்கியமானது. உள்ளே வைத்த தாள் கண்ணில் படாது. கண்ணில் படாதது நினைவுக்கு வராமல் போகலாம். ஒரு தாளை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று தீர்மானிப்பதே ஒரு வேலை என்பதையும் அவர் சுட்டினார். அரைகுறையாக உள்ள ஒரு யோசனைக்கு அது எதில் சேரும் என்றே தெரியாது. அதற்கு அவசரமாகப் பெயர் சூட்டிக் கோப்பில் போட்டால், அந்தப் பெயரோடு அது நின்றுவிடக்கூடும். எழுதுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

குவியலுக்குள் ஓர் ஒழுங்கும் உண்டு. நாம் பயன்படுத்திய தாளைக் குவியலின் மேலேதான் போடுகிறோம். பல நாள் தொடாத தாள் தானாகவே அடிக்குப் போகிறது. ஆகவே குவியல் என்பது எழுத்து வரிசையிலோ பொருள் வரிசையிலோ இல்லாமல், கடைசியாகத் தொட்ட காலத்தின் வரிசையில் அடுக்கப்பட்ட ஒன்று. ஜப்பானியப் பொருளியல் அறிஞர் யுகியோ நோகுச்சி 1990-களில் இதையே ஒரு கோப்பு முறையாக ஆக்கிப் பரப்பினார்: காகிதங்களை உறைகளில் இட்டு ஓர் அலமாரித் தட்டில் நிறுத்துங்கள், எந்த உறையை எடுத்தாலும் பயன்படுத்திய பிறகு பழைய இடத்தில் செருகாமல் இடது கோடியில் வையுங்கள், அவ்வளவுதான். கணினி அறிவியலில் டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் 1985-இல், எடுத்த பொருளை வரிசையின் முன்னுக்குக் கொண்டுவரும் முறையைக் கணிதமாக ஆராய்ந்தார்கள். எதிர்காலத்தில் எது எப்போது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் அமைக்கும் மிகச் சிறந்த வரிசையோடு ஒப்பிட்டாலும், இந்த எளிய முறையின் தேடற்செலவு ஏறத்தாழ இரு மடங்கைத் தாண்டாது என்று அவர்கள் நிறுவினார்கள். வருவது தெரியாதவனுக்கு இது மிக நல்ல பேரம் என்பது என் கருத்து.

ஆனால் தேடி எடுப்பது வேறு, புதிதாக ஒன்றை யோசிப்பது வேறு. படைப்பாற்றல் என்ற சொல்லை உளவியலில் ஆய்வுப் பொருளாக முன்னிறுத்தியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க உளவியலாளர் ஜே. பி. கில்ஃபோர்டு, 1950-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரை இதற்குத் தொடக்கமாகக் கருதப்படுகிறது. அவர் பிரித்துக் காட்டிய இரண்டு சிந்தனை முறைகளைத் தமிழில் விரிசிந்தனை, குவிசிந்தனை என்று சொல்கிறோம். ஒரு செங்கல்லை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டால், சுவர் கட்ட, கதவுக்கு முட்டுக்கொடுக்க, அடுப்புக் கூட்ட, பொடித்துக் கோலத்துக்குச் செம்மண் நிறம் சேர்க்க என்று பல திசைகளில் மனம் போவது விரிசிந்தனை. பல வழிகளுள் பொருந்தும் ஒன்றைத் தேர்ந்து, பிழை நீக்கி, முடிவுக்குக் கொண்டுவருவது குவிசிந்தனை. ஒரு கதையோ ஓவியமோ மென்பொருளோ எதுவாயினும் இரண்டும் தேவை. ஒரே நாளில் பலமுறை மாறி மாறியும் தேவைப்படும். மேசையைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போது, எந்தச் சிந்தனையை அளந்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுவது, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்லீன் வோஸும் அவருடைய சகாக்களும் 2013-இல் ‘சைக்கலாஜிக்கல் சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அதில் மூன்று சோதனைகள் உண்டு. முதற் சோதனையில் சிலரை ஒழுங்கான அறையிலும் சிலரைக் கலைந்த அறையிலும் அமர்த்தி, வெளியே போகும்போது ஆப்பிளும் சாக்லேட்டும் நீட்டினார்கள். நற்பணி ஒன்றுக்கு நன்கொடையும் கேட்டார்கள். ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் ஆப்பிளைக் கூடுதலாகத் தேர்ந்தார்கள், பணமும் கூடுதலாகக் கொடுத்தார்கள். இரண்டாம் சோதனையில் 48 மாணவர்களிடம் பிங்பாங் பந்துக்குப் புதிய பயன்களைக் கேட்டார்கள். இரு அறையினரும் சொன்ன யோசனைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கலைந்த அறையில் இருந்தவர்கள் சொன்னவை கூடுதல் புதுமையாக இருந்தன என்று நடுவர்கள் மதிப்பிட்டார்கள். மூன்றாவதில், பழச்சாறு போன்ற ஒரு பானத்தோடு சேர்த்துக்கொள்ளும் சத்துக் கலவை ஒன்றுக்கு ‘வழக்கமானது’ என்ற அடையாளம் இருந்தபோது ஒழுங்கான அறையினரும், ‘புதியது’ என்ற அடையாளம் இருந்தபோது கலைந்த அறையினரும் அதைக் கூடுதலாக விரும்பினார்கள். ஒழுங்கான சூழல் நம்மை நடைமுறையோடு ஒத்துப்போக வைக்கிறது, கலைந்த சூழல் வழக்கத்தை மீறத் தூண்டுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இதைச் செய்தியாகப் படித்த பலர், தங்கள் மேசையை அப்படியே விட்டுவிடுவதற்கு அறிவியல் அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். அது சரியல்ல. 48 பேரை இரண்டாகப் பிரித்தால் ஓர் அறைக்கு இரண்டு டஜன் பேர்தான். அளக்கப்பட்டது விரிசிந்தனை மட்டும், அதுவும் சில நிமிட நேரத்துக்கு. ஒரு நாவலை முடிப்பதோ ஒரு கட்டட வரைபடத்தைத் திருத்துவதோ அங்கே சோதிக்கப்படவில்லை. மேலும் அந்த அறைகளைக் கலைத்து வைத்தவர்கள் ஆய்வாளர்கள். அந்தக் கலைவில் பங்கேற்பாளருக்குச் சொந்தமான நினைவோ வேலையோ எதுவும் இல்லை. 2019-இல் ‘ஃபிரான்டியர்ஸ் இன் சைக்காலஜி’ இதழில் வெளியான மற்றோர் ஆய்வு இதே கேள்வியை எடுத்துக்கொண்டபோது, பணியிடத்தின் கலைவுக்கும் படைப்பாற்றலுக்கும் இடையே தொடர்பு எதுவும் தென்படவில்லை. கலைந்த அறையில் உட்கார்ந்தாலே புதுமை பிறக்கும் என்று நம்புவதற்குப் போதுமான சான்று இல்லை என்பதே இன்றைய நிலை.

மறுபக்கத்தில் கவனம் பற்றிய ஆய்வுகள் நிற்கின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டெஃபனி மெக்மெய்ன்ஸும் சபீன் காஸ்ட்னரும் 2011-இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவு ஆய்வை இதற்கு எடுத்துக்காட்டுவார்கள். பார்வைப் புலத்தில் பல பொருள்கள் ஒரே நேரத்தில் இருந்தால், மூளையின் பார்வைப் பகுதியில் இடம்பெற அவை ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன; ஒன்றின் பதிவை மற்றொன்று மங்கச் செய்கிறது; கவனம் என்பது அந்தப் போட்டியில் ஒரு பக்கத்துக்குத் துணை நிற்கும் முயற்சி. அவர்கள் உண்மையான மேசைகளைக் காட்டவில்லை, திரையில் எளிய உருவங்களைத்தான் காட்டினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனினும் அந்த இயக்கம் நம் அன்றாட அனுபவத்தோடு பொருந்துகிறது. ஒரு பத்தியின் கடைசி வாக்கியத்தைச் செதுக்கும் நேரத்தில், கட்டாத மின்கட்டண ரசீது ஒன்று கண்ணின் ஓரத்தில் கிடந்தால், அதைப் பார்க்காமல் இருப்பதற்கே சிறிது உழைப்பு செலவாகிறது. தேங்கிய கலைவு செய்யும் கேடு இதுதான். அது எந்த யோசனையையும் தருவதில்லை, ஆனாலும் தன் பங்குக் கவனத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கலைவோடு வாழ்ந்த படைப்பாளிக்கு உதாரணம் சொல்ல வேண்டுமானால், ஓவியர் ஃபிரான்சிஸ் பேகனின் அறையை விடப் பொருத்தமானதொன்று எனக்குத் தெரியவில்லை. லண்டனில் தெற்குக் கென்சிங்டன் பகுதியில், ரீஸ் மியூஸ் 7-ஆம் எண் வீட்டில், 1961 முதல் 1992-இல் இறக்கும்வரை அவர் ஓவியம் தீட்டினார். சிறிய அறை. தரையில் கணுக்கால் மறையும் அளவுக்குப் புகைப்படங்கள், கிழித்த புத்தகத் தாள்கள், காலி வண்ணக் குழாய்கள், கந்தல் துணிகள். கதவிலும் சுவரிலும் வண்ணத்தைக் குழைத்துப் பார்த்து அவற்றையே தட்டாகப் பயன்படுத்தியிருந்தார். அவர் மறைந்த பிறகு வாரிசான ஜான் எட்வர்ட்ஸ் 1998-இல் அந்த அறையை டப்ளின் நகரின் ஹியூ லேன் காட்சியகத்துக்கு அளித்தார். தொல்லியலாளர்கள் வந்து, அகழ்வாய்வில் செய்வதுபோல ஒவ்வொரு பொருளும் எந்த இடத்தில், எதன்மேல் கிடந்தது என்று வரைபடம் எடுத்தார்கள். சுவர், கதவு, தரை, கூரையோடு தூசியையும் சேர்த்து எடுத்துப்போய், 2001-இல் டப்ளினில் அப்படியே அமைத்துப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். பட்டியலில் 7,000-க்கும் மேற்பட்ட பொருள்கள்: ஏறத்தாழ 570 நூல்களும் பட்டியல்களும், 1,500 புகைப்படங்கள், கத்தியால் கிழித்த 100 ஓவியச் சீலைகள்.

அந்தப் புகைப்படங்களை நெருங்கிப் பார்த்தால் கலைவு என்ன செய்தது என்று புரியும். நண்பர்களின் உருவப்படங்களும் ஓடும் மனிதர்களையும் விலங்குகளையும் கட்டம் கட்டமாகக் காட்டும் பழைய படத்தாள்களும் தரையில் கிடந்து மிதிபட்டு, மடிந்து, வண்ணம் தெறித்து, மூலை கிழிந்திருந்தன. மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு முகம் இரண்டாக ஒடிந்து தெரியும். வண்ணம் சிந்திய இடத்தில் கன்னம் காணாமல் போயிருக்கும். பேகனின் ஓவியங்களில் முகங்கள் ஒடிந்தும் வழிந்தும் இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது விளங்கும். குழப்பம் தனக்கு உருவங்களைக் காட்டித் தருகிறது என்று அவரே நேர்காணலில் சொன்னார். நல்ல வெளிச்சமுள்ள, சீராக அமைத்த வேறோர் இடத்தை வாங்கிப் பார்த்து, அங்கே தம்மால் வேலை செய்ய முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கதையின் மறுபாதியைப் பலரும் சொல்வதில்லை. அதே வீட்டில் அவர் உறங்கி, அமர்ந்திருந்த அறை எளிமையாகவும் ஒழுங்காகவும் இருந்தது. அவருடைய ஓவியங்களிலும் உருவத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே வண்ணம் பூசிய துப்புரவான பரப்புத்தான் இருக்கிறது. முடித்த ஓவியங்களைக் கண்ணாடியிட்டுத் தங்கமுலாம் பூசிய சட்டத்தில் மாட்டவேண்டும் என்பது அவர் விருப்பம். கலைவுக்கு அவர் ஓர் அறையைக் கொடுத்தார், அதற்கு மேல் கொடுக்கவில்லை. பிடிக்காத ஓவியங்களைக் கத்தியால் கிழித்துத் தள்ளிய அந்தக் கண்டிப்பும் அதே அறையில்தான் நடந்தது. இதை விட்டுவிட்டு அறையின் புகைப்படத்தை மட்டும் பார்த்துப் பழகுபவர், அவருடைய பழக்கத்தில் எளிதான பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

அறிவியலில் இதற்கு ஈடான கதை பென்சிலின். 1928 செப்டம்பரில், லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் தம் ஆய்வுக்கூடத்துக்கு விடுமுறை முடிந்து திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், போகும்முன் மேசை ஓரத்தில் குவித்துவிட்டுப் போன பாக்டீரியா வளர்ப்புத் தட்டுகளுள் ஒன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதையும், பூஞ்சையைச் சுற்றியிருந்த பாக்டீரியாக்கள் கரைந்துபோயிருப்பதையும் கண்டார். தட்டுகளை உடனுக்குடன் கழுவி வைத்திருந்தால் இது நிகழ்ந்திராது என்பது உண்மை. ஆனால் கழுவாமல் விட்டது அவருடைய பழக்கத்தின் ஒரு பகுதிதான். பழைய தட்டுகளைச் சில வாரங்கள் வைத்திருந்து, எறிவதற்கு முன்பு ஒவ்வொன்றாக எடுத்து, எதிர்பாராதது ஏதேனும் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். கழுவாத தட்டுகள் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் கிடந்திருக்கும். அவற்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கை ஒன்று வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது நேர் எதிரான வேலை. பூஞ்சைச் சாற்றிலிருந்து மருந்தைப் பிரித்தெடுப்பது ஃபிளெமிங்கால் கைகூடவில்லை. பத்தாண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோரின் குழு அதை எடுத்துக்கொண்டது. 1940 மே 25-ஆம் நாள் எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமியை ஊசியால் ஏற்றி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தார்கள். ஹீட்லி அன்றிரவு விடியற்காலைவரை விழித்திருந்து, எந்த எலி எப்போது இறந்தது என்று குறித்துக்கொண்டிருந்தார். மருந்து பெறாத நான்கும் இறந்தன, பெற்ற நான்கும் பிழைத்திருந்தன. பூஞ்சையை நிறைய வளர்க்கப் பாத்திரம் போதாதபோது, நோயாளிகள் பயன்படுத்தும் படுக்கைக் கழிகலத்தைப் போன்ற வடிவில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய பீங்கான் கலங்களை அவர் வடிவமைத்துச் செய்வித்தார். மேசை மூலையில் மறந்து கிடந்த தட்டில் தொடங்கியது, வரிசையாக அடுக்கிய கலங்களிலும் மணிக்கணக்குக் குறிப்பேட்டிலும்தான் மருந்தாயிற்று. ஃபிளெமிங், ஃப்ளோரி, செயின் மூவருக்கும் 1945-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹீட்லிக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒழுங்கின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் தொழிற்சாலைகளில் கடைப்பிடிக்கும் ஜப்பானியரின் ‘5எஸ்’ முறையைப் பார்க்கலாம். தேவையற்றதை நீக்குதல், தேவையானதற்கு இடம் குறித்தல், துப்புரவு, இவற்றை நிலையாக்குதல், பழக்கமாக்குதல் என்பவை அதன் ஐந்து படிகள். ஸ்பேனர் தொங்கும் பலகையில் ஸ்பேனரின் நிழல் வடிவம் வரையப்பட்டிருக்கும்; அது இல்லையென்றால் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும். ஒரே வேலை நாள்தோறும் ஒரே வரிசையில் நடக்கும் இடத்தில் இது மிகச் சிறந்த முறை, ஏனெனில் அடுத்து எந்தக் கருவி தேவை என்பது அங்கே முன்பே தெரியும். அடுத்து எது தேவைப்படும் என்று தெரியாத நேரத்தில்தான் அது பொருந்தாமல் போகிறது. முதல் வரைவு எழுதும் ஒருவருக்கு எந்தப் பழைய குறிப்பு கைகொடுக்கும் என்று அவருக்கே தெரியாது. இறுதி வரைவைச் சரிபார்க்கும்போது தெரியும். ஆகவே ஒரே மனிதர் ஒரே படைப்புக்குள் தொடக்கத்தில் பரப்பியும் முடிவில் அடுக்கியும் வேலை செய்வதில் முரண் எதுவும் இல்லை.

கலைவின் அளவை விடக் கலைத்தது யார், அடுக்கியது யார் என்பது கூடுதல் முக்கியம் என்றும் ஒரு சான்று உண்டு. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் கிரெய்க் நைட்டும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வகை அலுவலக அறைகளை அமைத்தார்கள். முதலாவது, மேசையும் நாற்காலியும் தவிர எதுவுமற்ற வெற்றறை. இரண்டாவதில் செடிகளும் படங்களும் அவர்களே வைத்தார்கள். மூன்றாவதில் அதே செடிகளையும் படங்களையும் கொடுத்து, விரும்பியபடி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான்காவதில் விரும்பியபடி வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் மாற்றிவைத்தார். வெற்றறையோடு ஒப்பிட, அலங்கரித்த அறையில் வேலைத்திறன் 17 விழுக்காடும், தாமே அமைத்துக்கொண்ட அறையில் 32 விழுக்காடுவரையும் கூடியது. மாற்றி வைக்கப்பட்ட அறையிலோ அந்த ஆதாயம் கரைந்துபோனது. என் அத்தை அடுக்கிய மேசை முன்னால் நான் செயலற்று உட்கார்ந்திருந்தது ஏன் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று.

கட்டட அளவில் இதைக் காட்டியது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) வளாகத்தில் இருந்த 20-ஆம் எண் கட்டடம். இரண்டாம் உலகப்போரின்போது ரேடார் ஆய்வுக்காக 1943-இல் மரத்தால் அவசரமாகக் கட்டப்பட்ட தற்காலிகக் கூடம் அது. போர் முடிந்ததும் இடிப்பதாக இருந்தது, ஆனால் 1998 வரை நின்றது. கோடையில் வெக்கை, குளிரில் காற்று, வழி தெரியாத தாழ்வாரங்கள். யாரும் மதிக்காத கட்டடம் என்பதால் அங்கிருந்தவர்கள் சுவரில் துளையிட யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அணுக் கடிகாரம் அமைத்த ஜெரால்ட் சக்கரியாஸ் உயரம் போதவில்லை என்று மேல்தளங்களை அறுத்தெடுத்துவிட்டார். நோம் சோம்ஸ்கியின் மொழியியல் பணியும் அந்தக் கூரைக்கீழ்தான் வளர்ந்தது. அது அழகற்றிருந்ததால் சிந்தனை பிறந்தது என்று சொல்லமுடியாது. தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமை அங்கே எல்லோருக்கும் இருந்தது என்பதைச் சொல்லமுடியும்.

வீட்டில் வேலை செய்பவர்களுக்கு இந்த உரிமைக்கு ஒரு வரம்பு உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை ஆராய்ந்த டார்பி சாக்ஸ்பியும் ரெனா ரெபெட்டியும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தம் வீட்டைக் கலைந்தது, முடியாத வேலைகள் நிறைந்தது என்று விவரித்த மனைவியரிடம் மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பு ஆரோக்கியமற்ற போக்கில் இருந்தது; கணவர்களிடம் அந்தத் தொடர்பு அப்படித் தென்படவில்லை. காரணத்தை நம் வீடுகளைப் பார்த்தே ஊகிக்கலாம். கூடத்து மேசையில் ஒருவர் பரப்பிவைத்தது அவருக்கு நடப்புக் கலைவு. அதை ஒதுக்கி இரவுச் சாப்பாடு வைக்க வேண்டியவருக்கு அது இன்னொரு வேலை. படைப்பாளியின் சுதந்திரம் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல.

ஐன்ஸ்டைனின் மேசையைப் பற்றிய ஒரு சொற்றொடர் எல்லா இடத்திலும் சுற்றுகிறது: கலைந்த மேசை கலைந்த மனத்தின் அடையாளம் என்றால் காலி மேசை எதன் அடையாளம் என்று அவர் கேட்டாராம். அவர் அப்படிச் சொன்னதற்கு நம்பத்தக்க பதிவு கிடையாது. அவர் இறந்த 1955 ஏப்ரல் 18 அன்று ரால்ஃப் மோர்ஸ் எடுத்த புகைப்படத்தில் பிரின்ஸ்டன் அலுவலக மேசையில் காகிதங்கள் குவிந்திருப்பது மட்டும் உண்மை. ஒரு மேதையின் மேசை கலைந்திருந்தது என்பதிலிருந்து மேசையைப் பற்றி எந்த விதியையும் பெறமுடியாது.

புதிதாகத் தொடங்குபவர் செய்து பார்க்கத் தக்கவை சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் உங்கள் மேசையில் உள்ளவற்றைத் தேங்கியவை, நடப்பவை என்று பிரியுங்கள். கடந்த இரண்டு வாரத்தில் கை படாததும், இப்போதைய வேலையோடு தொடர்பற்றதும் தேங்கியது. அதை யோசிக்காமல் அகற்றலாம். நடப்பதை அடுக்க வேண்டாம், ஆனால் அது நிற்கும் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு மேசை, அல்லது ஒரு பலகை, அல்லது ஒரு பெட்டி. நடன இயக்குநர் ட்வைலா தார்ப் ஒவ்வொரு புதிய படைப்புக்கும் ஓர் அட்டைப் பெட்டியை ஒதுக்கி, அதன்மேல் பெயரெழுதி, அதற்கான துணுக்குச் செய்தி, இசைத்தட்டு, குறிப்பு எல்லாவற்றையும் அதற்குள் போட்டுவைப்பார். உள்ளே எந்த வரிசையும் வேண்டியதில்லை, பெட்டிதான் ஒழுங்கு. கணினியிலும் இதையே செய்யலாம்: ஒரு வேலைக்கு ஒரு கோப்புறை, உள்ளே கோப்புகள் கடைசியாகத் திறந்த நாளின் வரிசையில் தெரியட்டும்; பத்து உட்கோப்புறைகளுக்குப் பெயர் தேடி ஒரு காலைப்பொழுதைக் கழிக்க வேண்டாம்.

ஃபிளெமிங்கின் பழக்கத்தையும் கடன் வாங்கலாம். வாரம் ஒருமுறை குவியலை மேலிருந்து அடிவரை புரட்டிப் பாருங்கள். எறியும் முன்பு ஒவ்வொன்றையும் ஒரு நொடியாவது பார்த்துவிட்டு எறியுங்கள். நான் அப்படிப் புரட்டும்போது, வேறு நூலுக்காக எழுதிய துண்டுச்சீட்டு இப்போதைய நூலின் ஓர் ஐயத்தைத் தீர்த்தது உண்டு. இரண்டும் அருகருகே கிடந்ததால்தான் அது கண்ணில் பட்டது. இறுதி மெய்ப்பு பார்க்கும் நாளில் மட்டும், எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றிவிட்டு, மெய்ப்பு, அகராதி, சிவப்புப் பேனா மூன்றை மட்டும் மேசையில் வைத்துக்கொள்கிறேன். நூல் அச்சுக்குப் போனதும் பெட்டியை மூடி, பெயரும் ஆண்டும் எழுதி, பரணில் ஏற்றிவிடுகிறேன். அத்தை இப்போது ஊரிலிருந்து வந்தால், துடைப்பதற்கு முன்பு எந்தத் தாளை நகர்த்தலாம் என்று கேட்டுக்கொள்கிறார். நகர்த்தக்கூடாதவற்றின்மேல் நான் ஒரு கூழாங்கல்லை வைத்துவிடுகிறேன்.